தொற்றுக்குப் பிறகு வீடும் தெருவும்: வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து, வீட்டு பிளான் போட்டுப் பிழைக்கிறவன் நான். வாரத்தில் இரண்டு நாள் ஒரு ஆர்க்கிடெக்சர் கல்லூரியில் ஸ்டுடியோ (பிளான் வரைந்து பழகும் பயிற்சி) எடுக்கிறேன். கொரோனா காலத்தில் ஆரம்பித்து இன்றுவரை அக்கம்பக்கத்துக்காரர்களும் மாணவர்களும் மேஸ்திரிகளும் கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு இதெல்லாம்?

2023 மே 5-ல் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது உண்மைதான். ஆனால் வீடு ஐம்பது வருஷம் நிற்கிற பொருள். 2020-ல் மூச்சு முட்டிய அறையில்தான் இன்றும் அதே குடும்பம் தூங்குகிறது. அதில் நாளைக்குக் காசநோய் வரலாம், ஃப்ளூ வரலாம், மே மாத வெக்கை வந்தே தீரும். மூன்றுக்கும் பாதி வைத்தியம் ஒன்றுதான், காற்று.

நோய் வந்தால் கட்டடம் மாறுமா? கதை விடாதீர்கள்.

மாறியிருக்கிறது, பலமுறை. 1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, ஒரு அடிபம்புதான் காரணம் என்று காட்டினார். அடுத்த சில வருஷங்களில் அந்த ஊருக்கே பாதாளச் சாக்கடை வந்தது. நம் ஊரில் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க 1772-ல் வந்ததுதான் ஏழு கிணறு. நூறு வருஷம் கழித்து, 1872-ல், செங்குன்றம் ஏரித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு வீட்டின் நடுவில் இருந்த கிணறு மெல்ல மெல்லத் தேவையில்லாமல் போனது, சமையலறை இடம் மாறியது. நோய் பயம் பிளானுக்குள் நுழைவது இப்படித்தான், யாரும் சொல்லிக்கொண்டு நுழைவதில்லை.

பம்பாயில் 1896-ல் பிளேக். இரண்டு வருஷத்தில் நகர மேம்பாட்டுக்கென்று ஒரு டிரஸ்ட் அமைத்து, கடற்காற்று உள்ளே வரட்டும் என்று குடியிருப்புகளைக் கிழித்துக்கொண்டு அகலச் சாலைகள் போட்டார்கள். காற்று வந்தது, சரி. அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள்? இடித்த அளவுக்குத் திருப்பிக் கட்டிக் கொடுக்கவில்லை. 1914-ல் இந்தியா வந்த நகரத் திட்டமிடல் அறிஞர் பேட்ரிக் கெடிஸ் இதைத்தான் எதிர்த்தார். தெருவையே வெட்டிச் சாய்க்காதே, பாழடைந்த ஒன்றிரண்டு வீட்டை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தைத் திறந்தவெளியாக விடு, மிச்சம் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் வாதம். சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றையும் நடந்து பார்த்தவர் அவர். வட சென்னையில் எந்தச் சந்து பற்றிப் பேசினாலும் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் வெயிலும் காற்றும்தான் மருந்து. ஃபின்லாந்தில் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ 1933-ல் கட்டி முடித்த பைமியோ சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிக் குணமாகும் மருத்துவமனை), பக்கத்துப் படுக்கைக்காரர் தூக்கம் கெடக் கூடாது என்று தண்ணீர் சத்தமில்லாமல் விழுகிற மாதிரி வாஷ்பேசின் செய்திருக்கிறார்கள். நம் பக்கம் 1928-ல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் வந்தது, ரயில்வே ஸ்டேஷன் பெயரே இன்றுவரை அதுதான். இதில் வேடிக்கை என்னவென்றால், சானடோரியம் என்ற கட்டட வகையையே முடித்துவைத்ததும் இந்த ஊர்தான். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டில் இருந்தே குணமாகலாம், சானடோரியத்தில் படுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959-ல் காட்டியது. அந்த நோயாளிகள் வசதியான பங்களாவில் இருந்தவர்கள் இல்லை, நெருக்கமான ஏழை வீடுகளில் இருந்தவர்கள்.

வட சென்னையில் அவ்வளவு பரவியதற்கு ஜன நெருக்கடிதானே காரணம்?

2020 ஏப்ரல், மே மாதங்களில் ராயபுரம் மண்டலத்தின் பெயர் டிவியில் தினமும் வந்ததால் இந்த எண்ணம் ஊன்றிவிட்டது. நெருக்கம் வேறு, நெரிசல் வேறு. ஒரு ஏக்கரில் எத்தனை பேர் என்பது நெருக்கம். ஒரு அறையில் எத்தனை பேர் என்பது நெரிசல். பணக்காரர்களின் பதினைந்து மாடி அடுக்ககத்திலும் ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் ஜனம் அதிகம்தான், ஆனால் அங்கே ஆளுக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு பாத்ரூம். ஒண்டுக் குடித்தனத்தில் எட்டு போர்ஷனுக்கு இரண்டு கக்கூஸ், ஒரு குழாய்.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் தெருதான் ஹால். காலையில் பல் தேய்ப்பது தெருவில், பாட்டி காய் நறுக்குவது வாசற்படியில், பசங்க படிப்பது தெருவிளக்கில், சாயங்காலம் கேரம் போர்டு முட்டுச் சந்தில். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் இருக்க முடிந்ததற்குக் காரணமே, ஆறு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்ததில்லை என்பதுதான். ஊரடங்கு போட்டவுடன் ஆறு பேரும் உள்ளே. வீட்டின் பாதியைப் பூட்டிவிட்டு மீதிப் பாதியில் இரு என்று சொன்ன மாதிரி. தெரு முனையில் தகரம் அடித்தபோது நான் நினைத்தது அதைத்தான்: நோய் உள்ளே இருக்கிறது, காற்று வெளியே இருக்கிறது, நடுவில் தகரம்.

வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொள்ளச் சொன்னார்களே, அது முடிந்ததா?

அப்போதைய விதிப்படி தனி அறையும் தனிக் கழிப்பறையும் வேண்டியிருந்தது. இல்லாதவர்களை முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் அப்போதுதான் கட்டியிருந்த குடியிருப்பே கொஞ்ச காலம் கோவிட் மையமாக இருந்தது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் கட்டில் போட்டார்கள். ரயில்வே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை வார்டாக மாற்றியது. ஒரு கட்டடத்தை அவசரத்துக்கு வேறொன்றாக மாற்ற முடியுமா என்று டிசைன் செய்யும்போதே யோசிக்கலாம் என்பதற்கு இவை உதாரணம். கல்யாண மண்டபங்களுக்கு இது ரொம்பப் பொருந்தும்: பெரிய கூடம், பல கழிப்பறை, ஆம்புலன்ஸ் உள்ளே வரும் வாசல், எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது.

ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

மேஸ்திரி அகராதியில் வென்டிலேட்டர் என்றால் பாத்ரூம் சுவரில் மேலே வைக்கிற ஒன்றரை அடிக்கு ஒரு அடி கண்ணாடித் துவாரம். 2020-ல் எனக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரி, “இன்னா சார், ஊரே வென்டிலேட்டர் இல்லன்னு அழுவுது, நாம வெக்கிறத ஓனருங்க அடைக்க சொல்றாங்க” என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் அவர் சொன்னதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

தேசியக் கட்டட விதித் தொகுப்பு நம்மைப் போன்ற புழுக்கமான ஊர்களுக்கு அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது. நூறு சதுர அடி அறைக்குப் பதினாறு, பதினேழு சதுர அடி. அதாவது நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்று. ஆனால் ஸ்லைடிங் ஜன்னல் போட்டால் பாதிதான் திறக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. நாலடி ஜன்னலுக்குக் காசு கொடுத்துவிட்டு இரண்டடிக் காற்றை வாங்குகிறோம். பழைய மரக் கதவு ஜன்னல் முழுசாகத் திறக்கும்.

அளவைவிட முக்கியம், காற்று வெளியே போக எதிர்ப்பக்கத்தில் வழி இருக்கிறதா என்பது. ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைப்பதைவிட எதிரெதிர்ச் சுவரில் ஒன்றொன்று வைப்பது மேல். எதிர்ச் சுவர் பக்கத்து அறையுடையது என்றால், கதவுக்கு மேலே ஜாலி (காற்றுப் போக ஓட்டைகள் விட்ட தடுப்பு) வையுங்கள், உங்கள் தாத்தா காலத்து வீட்டில் அப்படித்தான் இருந்திருக்கும். கடற்காற்று மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வரும். அந்தப் பக்கத்தில் பீரோவை நிறுத்தி ஜன்னலை மறைத்த வீடுகள் எத்தனை பார்த்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னலுக்கு எங்கே போவது?

ஜார்ஜ் டவுன், வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பழைய தெருக்களில் இதுதான் நிலைமை. பன்னிரண்டடி அகலம், அறுபதடி நீளம், முன்னால் தெரு, பின்னால் இன்னொருவர் சுவர். பழைய வீடுகளில் நடுவில் முற்றம் இருந்தது. அதை அடைத்து ஒரு போர்ஷன் ஏற்றி வாடகைக்கு விட்டதில்தான் வீடு குகையானது. இப்போதைய பிளான்களில் முற்றத்தின் பேரப்பிள்ளையாக ஓ.டி.எஸ். வருகிறது, நாலுக்கு நாலு அளவில் வானம் வரைக்கும் திறந்த ஒரு கூண்டு. சூடான காற்று மேலே ஏறும், கீழே இருந்து புதுக்காற்று இழுத்துக்கொள்ளும், கூண்டு வேலை செய்வது அவ்வளவுதான்.

பால் காய்ச்சி ஆறு மாதம்கூட ஆகாது, மழை அடிக்கிறது, பூனை குதிக்கிறது என்று மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு நாலு பக்கமும் ஒட்டிவிடுவார்கள். அங்கேயே வாஷிங் மெஷின். முடிந்தது கதை. ஷீட் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவருக்கு மேலே ஒன்றரை அடி தூக்கி, நாலு பக்கமும் விட்டு, ஓரத்தை அரையடி வெளியே தள்ளிப் போடுங்கள். மழை வராது, காற்று போகும். பூனைக்குக் கம்பி வலை. வெல்டருக்கு அரை நாள் வேலை. ஐந்து வருஷத்தில் நான் கொடுத்த ஆலோசனைகளில் அதிகம் பலித்தது இதுதான், பிளான் போட்டுக் கொடுத்ததைவிட இதற்குத்தான் நன்றி சொன்னார்கள்.

ஜன்னலைத் திறந்தால் கொசு, தூசி, நாற்றம். என்ன செய்வது?

நியாயமான கேள்வி, ஜன்னலைத் திற என்று சொல்லும் கட்டுரைகள் எதிலும் பதில் இருக்காது. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் ஆலைப் புகையும் சாம்பல் தூசியும், கொடுங்கையூரில் குப்பைக் கிடங்கு எரியும்போது வரும் புகையும், பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் கொசுவும் ஜன்னல் டிசைனால் தீர்கிற பிரச்சினைகள் இல்லை. கொசு வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும், அதனால் ஜன்னலைப் பெரிதாக வைக்க வேண்டும். வலையை மாதம் ஒருமுறை கழுவுங்கள், தூசி அடைத்த வலை சுவர்தான். புகை நாளில் மூடுங்கள், காற்று திரும்பியதும் திறங்கள். இதற்கு மேல் கட்டடக் கலைஞர் சொல்ல ஒன்றும் இல்லை, மாசுக் கட்டுப்பாடுதான் சொல்ல வேண்டும்.

ஏசி போட்டால் காற்று சுத்தமாகுமா?

ஆகாது. ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிராக்குகிறது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோவில் ஒரு உணவகத்தில் பக்கம்பக்கமாக மூன்று மேஜைகளில் உட்கார்ந்திருந்த மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குத் தொற்று வந்தது. ஏசி காற்று அந்த மேஜைகளுக்கு நடுவே சுழன்றதுதான் காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வெளியே சுமார் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) காட்டும். நாங்கள் நாலு பேர் கதவை அடைத்து ஏசியில் தூங்கி எழுந்த காலையில் 2,500-ஐத் தாண்டியிருந்தது. அதாவது ராத்திரி முழுக்க ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுத்திருக்கிறோம். மறுநாள் பாத்ரூம் எக்ஸாஸ்டை ஓடவிட்டு, கதவடியில் ஒரு விரல் சந்து விட்டோம். பாதியாகக் குறைந்தது. கரண்ட் பில் கொஞ்சம் ஏறியது.

பாத்ரூம் வழியாகக்கூட நோய் வருமா?

வந்திருக்கிறது. 2003-ல் சார்ஸ் பரவியபோது ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்ககத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது. பாத்ரூம் தரை டிராப்பில் (சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கிற இடம்) தண்ணீர் காய்ந்துபோயிருந்தது, எக்ஸாஸ்ட் ஃபேன் சாக்கடைக் குழாயின் காற்றை உள்ளே இழுத்தது. நம் பிளம்பர்கள் நானி டிராப் என்கிறார்களே, அதேதான். பூட்டிக் கிடக்கும் பாத்ரூமில் வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். தீர்ந்தது.

தெரு, மார்க்கெட் இதெல்லாம் மாறியதா?

கொஞ்ச நாள் மாறியது. 2020 மே 5-ல் கோயம்பேடு மார்க்கெட்டை மூடினார்கள், காய்கறி திருமழிசைக்குப் போனது, பழமும் பூவும் மாதவரம் பஸ் நிலையத்துக்கு வந்தன. இதில் பழைய கதை ஒன்று இருக்கிறது. கோயம்பேடு வந்ததே ஜார்ஜ் டவுன் கொத்தவால் சாவடியில் நெரிசல் தாங்காமல்தான், 1996-ல். ஒரே இடத்து நெரிசலை இன்னொரு ஒரே இடத்துக்கு மாற்றினோம், இருபத்துநாலு வருஷத்தில் அதுவே தொற்று மையமாகிவிட்டது. ஏரியாவுக்கு ஒரு நடுத்தர மார்க்கெட் என்று பிரித்திருந்தால் ஒன்றை மூடினாலும் ஊர் பட்டினி கிடக்காது. 2027 முதல் 2046 வரைக்கான சென்னையின் மூன்றாவது மாஸ்டர் பிளானைப் பற்றி யார் கருத்துக் கேட்டாலும் நான் முதலில் எழுதிக் கொடுப்பது இதைத்தான்.

ரேஷன் கடை வாசலில் வட்டம் போட்டார்களே, அதைப் பார்த்து எங்கள் தெருப் பெண்கள் சிரித்தார்கள். தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் போய் நிற்பது அவர்களுக்குக் கைவந்த கலை. மறுநாள் வட்டத்துக்குள் ஆளுக்குப் பதில் ஒரு செருப்பு, ஒரு கட்டைப் பை, ஒரு செங்கல். ஆட்கள் எதிர் வீட்டு நிழலில், தள்ளித் தள்ளி. வட்டம் போட்டவர் யோசிக்காத நிழலை அவர்கள் யோசித்தார்கள்.

வீட்டில் படிக்கவும் வேலை பார்க்கவும் இடமில்லை. பிளானில் ஏதாவது செய்ய முடியுமா?

முந்நூறு சதுர அடியில் ஸ்டடி ரூம் கேட்காதீர்கள், பொய் சொல்ல மனசு வராது. மடக்கு மேஜை, பரணுக்குக் கீழே ஒரு பலகை, ஒரு பிளக் பாயின்ட், அவ்வளவுதான் முடியும். மீதியை ஊர்தான் கொடுக்க வேண்டும். 2024 நவம்பரில் கொளத்தூரில் ‘முதல்வர் படைப்பகம்’ என்று ஒன்றைத் திறந்தார்கள். படிக்க ஒரு பகுதி, லேப்டாப் வைத்து வேலை பார்க்க ஒரு பகுதி. கொரோனா கற்றுக்கொடுத்த கட்டட வகை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். தெருவிளக்குக்குக் கீழே படித்த பையனுக்கு ஒரு கூரையும் ஃபேனும் கிடைத்த மாதிரி. வார்டுக்கு ஒன்று வேண்டும்.

ஆன்லைனில் ஆர்க்கிடெக்சர் சொல்லிக்கொடுக்க முடிந்ததா?

பாதி முடிந்தது, பாதி கேலிக்கூத்து. ஸ்டுடியோ என்பது வகுப்பு இல்லை. இருபது பேர் பட்டர் பேப்பர் விரித்து, ஒருவர் தப்பை இன்னொருவர் எட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்கிற இடம். திரையில் ஆளுக்கு ஒரு கட்டம், கேமரா ஆஃப், “சார், ஆடியோ கட் ஆவுது”. பலரிடம் போன் மட்டும்தான். போனில் ஆட்டோகேட் (பிளான் வரைகிற மென்பொருள்) பழகச் சொல்வது, கிணற்றுப் படத்தைக் காட்டி நீச்சல் கற்றுக்கொடுப்பது மாதிரி. 2020-ல் ஆர்க்கிடெக்சருக்கான நாட்டா நுழைவுத் தேர்வே வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் எழுதும்படி ஆனது.

சைட் விசிட் கிடையாது என்றதும், சரி, அவரவர் வீட்டையே அளந்து வரைந்து கொண்டு வாருங்கள் என்றேன். பெரிய வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து அழகான டிராயிங் வந்தது. கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பெண் மூன்று நாள் ஒன்றும் அனுப்பவில்லை. பிறகு ஒன்பது தாள் அனுப்பினாள். அம்மாவின் தையல் இன்ச் டேப்பில் அளந்த, பதினொன்றுக்கு ஒன்பதரை அடி அறை. ஒரே பிளான், ஒன்பது முறை, ஒன்பது நேரம். காலை ஐந்து மணித் தாளில் ஐந்து பேர் படுத்திருக்கிறார்கள், கதவு திறக்க இடமில்லை. பத்து மணித் தாளில் தையல் மெஷின் நடுவில், தம்பி வகுப்பு அடுப்பு மேடையில். இரவு எட்டு மணித் தாளில் அப்பாவுக்குக் காய்ச்சல், அவருக்காக மூலையில் புடவை கட்டித் தடுத்திருக்கிறது, அந்த மூலையில்தான் ஒரே ஜன்னல்.

மாணவர் வரைந்ததை மதிப்பிடும் ஜூரிக்கு வந்த வெளி ஆசிரியர், ஸ்கேல் இல்லை, வடக்கு அம்புக்குறி இல்லை என்று மதிப்பெண் குறைத்தார். ஸ்கேல் இல்லாதது தப்புதான், நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் பதினைந்து வருஷம் ஒரு அறைக்கு ஒரு பெயர் எழுதிப் பழகிய எனக்கு, படுக்கையறை, சமையலறை, ஹால் மூன்றும் ஒரே கோட்டுக்குள் மணிக்கு ஒருமுறை மாறுவதை வரையலாம் என்று தோன்றியதே இல்லை. இப்போது என் முதலாண்டு மாணவர்களுக்கு முதல் பயிற்சி அதுதான்: உங்கள் வீடு, ஒன்பது நேரம், யார் எங்கே.

என் பெண்ணை ஆர்க்கிடெக்சரில் சேர்க்கலாமா?

அவளுக்குப் பிடித்திருந்தால் சேருங்கள். ஐந்து வருஷப் படிப்பு, நாட்டா மாதிரி ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஃபீஸைவிட பிரின்ட், மாடல் செலவு கண்ணுக்குத் தெரியாமல் ஏறும், அதைக் கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். லேப்டாப் முதல் வருஷமே அவசியம் இல்லை, கையால் வரையட்டும்.

வாடகைக்கு இருக்கிறோம், சுவரில் ஆணி அடிக்கக்கூட விடமாட்டார்கள். நாங்கள் என்ன கேட்பது?

மொட்டை மாடிச் சாவி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அட்வான்ஸ் பேசும்போதே கேட்டு, அக்ரிமென்ட்டில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். எங்கள் காம்பவுண்டில் எட்டுக் குடித்தனம், சாவி ஓனர் அம்மா இடுப்பில். தண்ணீர் டேங்க் இருக்கிறது, பசங்க ஏறி விழுவார்கள் என்று இருபது வருஷமாக மாடி பூட்டியே கிடந்தது. 2020 மே மாதம் கீழ்ப் போர்ஷன் பெரியவருக்கு மூச்சு வாங்கியபோது அந்த அம்மாவே வந்து பூட்டைத் திறந்துவிட்டு, படிக்கட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுதினார்: ஒன்றாம் நம்பர் காலை ஆறு முதல் ஏழு, இரண்டாம் நம்பர் ஏழு முதல் எட்டு என்று எட்டு வீட்டுக்கும். சாயங்காலம் ஐந்து முதல் ஆறு பசங்களுக்கு. பெரியவருக்கு மட்டும் நேரம் போடவில்லை, நாற்காலியை மேலேயே போட்டுவிட்டார்கள். இப்போது சாவி திரும்ப இடுப்புக்குப் போய்விட்டது, கேட்டால் கொடுக்கிறார், கேட்க வேண்டியிருக்கிறது. நாற்காலி இன்னும் மேலேதான் இருக்கிறது.